யாரும் வரலாம்

"முன் அனுபவம் தேவையில்லை. பதினாறு பார் அளவுக்கு ஒரு பாட்டைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்." ஓஹையோவில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரின் நாடகக் குழு, 'தி மியூசிக் மேன்' என்ற இசை நகைச்சுவை நாடகத்துக்கு ஆள் தேடி ஒட்டியிருந்த அறிவிப்பு இது. நான்கு நான்கு எண்ணிக்கையாக வரும் பதினாறு பார் என்றால் நம் ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம். குரல் சூடேறுவதற்குள் முடிந்துவிடும். அதற்குள் இருப்பதையெல்லாம் காட்டியாக வேண்டும். பெயர் கொடுத்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"யாரும்மா உன்னைக் கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடலைம்மா. யார் வேணும்னாலும் வரலாம்னு போட்டிருந்தாங்க."

"தெரிஞ்சவங்க யாருமே இல்லாத இடத்துல போய் நின்னு பாடுவியா?"

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த நாடகக் குழுக்களில் வேஷம் பெரும்பாலும் கூப்பிட்டுத்தான் கொடுக்கப்படும். எழுதுபவரின் நண்பர், செயலாளரின் மச்சினர், போன வருஷம் நடித்தவர். புதிதாக ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். இங்கே கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வருபவர்களை வைத்து நாடகம் போடுகிறார்கள்.

அமெரிக்காவின் சின்ன ஊர்களில் இப்படிப்பட்ட குழுக்கள் நிறைய உண்டு. நடிப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் ஒத்திகைக்கு வருகிறார்கள். அரங்க அமைப்புக்கு மரம் அறுப்பதும் உடுப்பு தைப்பதும் ஊர்க்காரர்களே. டிக்கெட் பணத்தில் நாடகத்தின் உரிமத் தொகையைக் கட்ட வேண்டும். பாட்டுப் புத்தகங்கள்கூட வாடகைக்குத்தான் வருகின்றன. அதில் பென்சிலால் மட்டுமே குறிக்கலாம். கடைசிக் காட்சி முடிந்ததும் எல்லாக் குறிப்பையும் ரப்பரால் அழித்துத் திருப்பித் தர வேண்டும்.

ஆடிஷன் ஒரு சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. கதவை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் போனால், வந்தவர்கள் அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் பாடுவதை மற்றவர்கள் கேட்கிறார்கள். எனக்கு முன்னால் போன பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையிலிருந்த தாள் படபடவென்று ஆடியது. பியானோ வாசித்த பெண் அதைக் கவனித்துவிட்டாள். முன்னிசையை இன்னொரு முறை வாசித்து, அவர் மூச்சு வாங்க இடம் கொடுத்தாள். அவர் பாடி முடித்ததும் எழுந்த கைதட்டலில் முகதாட்சண்யம் துளியும் இல்லை. அங்கிருந்த எல்லோருக்கும் அடுத்து தன் முறை வரும் என்பது தெரியும்.

நம் கச்சேரியில் பாடுபவரின் கட்டைக்குத்தான் சுருதி. இங்கே தாளில் எந்தச் சுருதியில் அச்சாகியிருக்கிறதோ அதில் பாட வேண்டும். பியானோக்காரரிடம் தாளைக் கொடுத்து, காலப்பிரமாணத்தை விரலால் தட்டிக் காட்ட வேண்டும். நான் பாடி முடித்ததும் இசை இயக்குநர் இரண்டு விஷயங்கள் சொன்னார். சுரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தணும். சொல்லின் கடைசி மெய்யெழுத்து பின்வரிசைக்குக் கேட்கணும். முதலாவது எனக்குக் கஷ்டம். சிறுவயதிலிருந்து பழகிய கமகம் தொண்டையை விட்டு உடனே இறங்காது. இரண்டாவதைப் பற்றித்தான் பிறகு நெடுநேரம் யோசித்தேன். நகைச்சுவைப் பாட்டில் சிரிப்பு பெரும்பாலும் அடியின் கடைசிச் சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல் மழுங்கிவிட்டால் ராகம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

அடுத்து முன்பின் தெரியாத ஒருவரோடு நிற்கவைத்து, அதுவரை பார்த்திராத பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பிறகு கும்பலாக நடனம். எட்டு எண்ணிக்கை, இன்னொரு எட்டு, திரும்பு. தேர்வானவர்களின் பட்டியல் வந்தபோது என் பெயர் அதில் இல்லை. வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றிக் கடிதம் வந்தது. மேடைக்குப் பின்னால் வேலை செய்ய விருப்பமுண்டா என்றும் கேட்டிருந்தார்கள். எனக்கு வந்த வருத்தத்தைவிட, நாடகம் எப்படி வரப்போகிறது என்ற ஆவல் பெரிதாக இருந்தது. டிக்கெட் வாங்கினேன்.

கதை 1912இல் அயோவா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் நடக்கிறது. ஹாரல்ட் ஹில் என்பவன் ஊர் ஊராகப் போய், பையன்களுக்கு பேண்டு வாத்தியக் குழு அமைத்துத் தருவதாகச் சொல்லி, வாத்தியத்துக்கும் சீருடைக்கும் பணம் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுகிறவன். அவனுக்கு ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. அந்த ஊர் நூலகர் மரியனிடம் சிக்கிக்கொள்கிறான். மெரடித் வில்சன் இதை எழுதி, பாட்டும் இசையும் தானே அமைத்தார். அயோவாவின் மேசன் சிட்டியில் பிறந்து, சூசாவின் புகழ்பெற்ற பேண்டில் புல்லாங்குழல் வாசித்தவர் அவர். 1957 டிசம்பர் 19இல் பிராட்வேயில் அரங்கேறிய இந்த நாடகம் 1375 முறை நடந்தது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை முந்திக்கொண்டு சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை வாங்கியதும் இதுதான்.

எங்கள் ஊர் மேடையில் திரை விலகியதும் ரயில் பெட்டிக்குள் விற்பனைப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாத்தியம் இல்லை, ராகம் இல்லை. பேச்சே தாளமாகி, ரயில் வேகமெடுக்க எடுக்க வேகமெடுக்கிறது. கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆடிஷனில் பார்த்த பெரியவர் ஜன்னலோர இருக்கையில், குலுங்கிக் குலுங்கி, ஒரு அசையும் தப்பாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

வில்சனின் மேதைமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். ஹாரல்ட் ஆர்ப்பாட்டமாகப் பாடும் அணிவகுப்புப் பாட்டும், மரியன் தனிமையில் பாடும் தாலாட்டு போன்ற பாட்டும் ஒரே மெட்டு. ஒன்று அணிவகுப்பு நடையில் விரைகிறது. மற்றது மூன்று எண்ணிக்கையில் மெல்ல அசைகிறது. முதல் பாதியில் இது எளிதில் பிடிபடுவதில்லை. கடைசிக்குச் சற்று முன்பு இருவரும் தனித்தனியாக நின்று மாறி மாறிப் பாடுகிறார்கள். ஒரு கட்டத்தில் அவன் பாட்டு அவளுக்கும் அவள் பாட்டு அவனுக்கும் போய்விடுகிறது. காதலைப் பற்றி ஒரு வசனம் இல்லாமல் காதல் வந்துவிட்டது தெரிகிறது. எனக்குப் பக்கத்திலிருந்த அம்மாள் "ஓ!" என்று வாய்விட்டே சொன்னார்.

பேச்சில் தடங்கல் உள்ள சிறுவன் வின்த்ரப்பாக நடித்த பையன், 'ஸ்' வரும் இடத்திலெல்லாம் நாக்கைப் பல்லுக்கிடையே நீட்டி அவ்வளவு கவனமாகப் பாடினான். முடிவில் அந்தப் பையன்களின் பேண்டு உண்மையிலேயே வாசிக்கிறது, அபசுரம் அபசுரமாக. பெற்றோர் காதில் அது தேவகானமாக விழுகிறது. அந்தக் காட்சியில் மேடையில் நின்ற பிள்ளைகளின் நிஜப் பெற்றோர் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பளம் வாங்கும் நடிகர்களால் இந்த இடத்தை இவ்வளவு நிறைவாகச் செய்ய முடியாது என்றே நம்புகிறேன்.

பாட்டு நாடகம் நமக்கு அந்நியமா என்ன? சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் பாட்டுத்தான் உயிர். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய மேடை அது. பகலில் வேலை, மாலையில் நாடகம் என்பதும் புதிதில்லை. பின்னாளில் வக்கீலான பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்து உத்தியோகம் பார்த்தவர்கள் அங்கே வேஷம் கட்டினார்கள். 'சபாபதி' என்ற அருமையான நகைச்சுவையை எழுதியவரும் அவரே. பிற்கால சபா நாடகங்களில் நகைச்சுவை வசனத்தோடு தங்கிவிட்டது. சோவும் கிரேசி மோகனும் வசனத்தால் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தார்கள். பாட்டு சினிமாவுக்குப் போனது, சபா மேடைக்குப் பெரும்பாலும் திரும்பவில்லை. இது ஒரு இழப்பு.

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் பாடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மிருதங்கம் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், எழுதத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கு ஒலிப்பதிவைப் போட்டு ஆடும் சினிமா நடனத்தோடு, நாமே எழுதி நாமே பாடும் ஒரு நகைச்சுவை நாடகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நிர்வாகிகளே, வேஷங்களைக் கூட்டத்தில் பிரித்துக்கொள்ளாதீர்கள். ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள். அதில் முதல் வரியாக "முன் அனுபவம் தேவையில்லை" என்று எழுதுங்கள்.