பம்பைக் கூட்டினா பவர் வருமா?

நேத்து டீக்கடையில ஒரே வாக்குவாதம். எங்க ஊர்ப் பய ஒருத்தன் பழைய 1210 டிப்பர் வாங்கியிருக்கான். "மாமா, பம்பைக் கூட்டி வச்சாச்சு. இனி எந்த ஏத்தமானாலும் பறக்கும்லா"ன்னான். "லே மக்கா, உனக்க வண்டிக்குப் பின்னால சைக்கிள்ல வாறவனுக்க மூஞ்சியப் பாத்தியா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டான். அங்க சொல்லி முடிக்காததை இங்க எழுதுகேன்.

பம்பைக் கூட்டுறதுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் பம்புக்குள்ள ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர் உண்டு. ரேக் எவ்வளவு நகருதோ அவ்வளவு டீசல் போகும். ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாலும் இதுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு ஸ்குரூ வச்சு, கம்பி கட்டி, ஈய சீல் அடிச்சிருப்பாங்க. அந்த சீலை உடைச்சு ஸ்குரூவைத் திருப்புறதுக்குத்தான் நம்ம ஊர்ல டியூனிங்னு பேரு.

ஒரு கிலோ டீசல் முழுசா எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காத்து வேணும். எஞ்சினுக்குள்ள டீசலும் காத்தும் கலக்கக் கிடைக்கிற நேரமோ கண் இமைக்கிறதை விடக் குறைவு. அதனால நடைமுறையில இன்னும் கூடுதலாவே காத்து வேணும். டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு பிஸ்டன் கீழே இறங்கும்போது இழுக்குற காத்துதான் மொத்த வரவு. ஸ்குரூவைத் திருப்பினா டீசல் கூடும், காத்து ஒரு பிடிகூடக் கூடாது. கொஞ்சம் வரைக்கும் இழுவை கூடும், பொய் சொல்ல மாட்டேன். அதுக்கு மேல ஊத்துறது கரிப்புகையாத்தான் போகும். அடுப்பை ஊதாம விறகை மட்டும் திணிச்சா என்ன ஆகும்னு வீட்டுல கேட்டாலே சொல்லுவாங்க. கண்ணு எரியும், சோறு வேகாது.

புகையோட முடிஞ்சா பரவாயில்ல. சூடு ஏறி வால்வு கருகும், பிஸ்டன் தலை உருகும், ஹெட் கேஸ்கெட் போகும். எரியாத டீசல் லைனர்ல உள்ள ஆயிலைக் கழுவிக்கிட்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலைத் தண்ணியாக்கும். ஊருக்கு உபதேசம்னு நினைச்சிராதீங்க. பத்து வருஷத்துக்கு முன்னால கன்னிப்பூ தொளி உழவுக்கு நானும் எனக்க டிராக்டர் பம்பைக் கூட்டினவன்தான். ரெண்டு பூவுக்குத் தாங்கல. நேரம் மிச்சம்னு நினைச்சேன், ஒரு பூவுக்க நெல்லு காசு ஒர்க்ஷாப்புக்குப் போச்சு.

இன்னொரு கணக்கும் உண்டு. 1210-ன்னு வண்டிப் பேரிலேயே எழுதி வச்சிருக்கான். 12-ன்னா வண்டியும் பாரமும் சேர்ந்து 12 டன். 10-ன்னா சுமார் 100 குதிரைச் சக்தி. பிரேக் டிரம், பட்டை, ஆக்சில், கியர் பாக்ஸ் எல்லாம் அந்த அளவுக்குச் செய்தது. பம்பைக் கூட்டினவன் ஏத்தத்துல ஏறிருவான். இறக்கத்துல நிக்கணுமே? அங்க எந்த ஸ்குரூவைத் திருப்புவான்?

காலி வண்டி ஓட்ட ஒருத்தனும் பம்பைக் கூட்ட மாட்டான். கல்லும் எம்-சாண்டும் தலைக்கு மேல ஏத்தத்தான் இந்தப் பாடு. 2019 திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபா அபராதம், கூடுதலா உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபா. அப்படியும் வண்டி வருது. புகை சர்டிபிகேட் எடுக்குற அன்னைக்கு ஸ்குரூவைக் குறைச்சிட்டு மறுநாள் கூட்டுறவனும் உண்டு.

"நான் ஏத்தலேன்னா லோடு அடுத்த வண்டிக்குப் போயிரும் மாமா, தவணை யாரு கட்டுவா?"ன்னு அவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் மட்டும் கூட்டினா அவனுக்கு லாபம். அடுத்தவனும் கூட்டினா டன்னுக்கு உள்ள வாடகை இறங்கும். கடைசியில எல்லாருக்கும் பழைய வருமானம்தான், எஞ்சின் மட்டும் சீக்கிரம் சாகும். லாபம் யாருக்கு? குறைஞ்ச வாடகையில கல்லை அனுப்புறவனுக்கு. அவன் ஸ்பானரையே தொடல, சீலை உடைச்ச குற்றமும் அவனுக்கு இல்ல.

மிச்ச நஷ்டம் எங்களுக்கு. பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிஞ்சது. அந்தத் தண்ணியை நம்பித்தான் இங்க ரெண்டு பூவும். எங்க சானல் கரை ரோட்டுல உள்ள கலுங்கு மாட்டுவண்டி போன காலத்துல கட்டினது. போன கும்பப்பூ கதிர் வாங்குற சமயம் பாரவண்டி ஏறி அது உள்வாங்கிட்டு. மண்ணு விழுந்து அடைச்சு, கடைமடைக்கு ஒரு வாரம் தண்ணி இல்ல. வயல்ல பாதிக்கு மேல பதர். இதை எந்த லோடு பில்லுல எழுதுவாங்க?

பழைய எஞ்சினுக்கு இழுவை குறைஞ்சா பாக்க வேண்டியது வேற. ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணு. நாசிலைக் கழட்டி டெஸ்ட் பண்ணு. டாப்பெட் இடைவெளியும் டைமிங்கும் சரி பண்ணு. பம்பை பெஞ்சுல போட்டு கம்பெனி அளவுக்கே வை. போன இழுவையில பெரும்பாகம் திரும்பி வரும், புகையும் அடங்கும். மெக்கானிக்மாருக்கும் ஒண்ணு சொல்லணும். பம்பைக் கூட்டச் சொல்லி வாறவன்கிட்ட "எத்தனை டன் ஏத்தப் போற?"ன்னு முதல்ல கேளுங்க. பதிலைக் கேட்டா நீங்களே ஸ்பானரைக் கீழே வச்சிருவீங்க.

மக்கா, இதைப் படிச்சா கோவத்தை விட்டுட்டு வா. பம்பை பெஞ்சுல போடுற கூலியில பாதி நான் தாறேன். சானல் கரை வழியா மட்டும் பாரத்தோட வராத.