அதிகப்பிரசங்கியா லிசா?

அமெரிக்கக் காட்டூன் தொடரான 'த சிம்சன்ஸ்' பார்க்கும் பலருக்கு எட்டு வயது லிசாவைப் பிடிப்பதில்லை. "அதிகப்பிரசங்கி" என்கிறார்கள். எனக்கோ அவளைத்தான் பிடிக்கும்.

1994இல் வெளிவந்த ஒரு கதையில், அவள் ஆசையோடு வாங்கிய பேசும் பொம்மை, அலங்காரம், கடைக்குப் போவது போன்றவற்றையே பேசுகிறது. தோழிகளுக்கு அது பெரிதாகப் படவில்லை. லிசாவுக்குப் பொறுக்கவில்லை. இது வெறும் கற்பனையுமல்ல. 1992இல் கணித வகுப்பு கடினம் என்று பேசிய பார்பி பொம்மை அமெரிக்காவில் கண்டனத்துக்குள்ளானது.

பிடிக்காததைக் குறைகூற யாராலும் முடியும். லிசா குறை கண்டது தான் நேசித்த பொம்மையில். அதோடு நிற்கவுமில்லை. அதை முதலில் உருவாக்கிய பெண்மணியைத் தேடிப் பிடித்து, அறிவாகப் பேசும் புதுப் பொம்மையொன்றைச் செய்விக்கிறாள். பெற்றோரே, இதையா வாய்க்கொழுப்பு என்பது?

கம்பனியோ பழைய பொம்மைக்குப் புதுத் தொப்பி போட்டு விடுகிறது. பிள்ளைகளெல்லாம் அதன் பின்னால் ஓடுகிறார்கள். ஒரேயொரு சிறுமிதான் லிசாவின் பொம்மையை எடுக்கிறாள். அந்த ஒருத்திக்காகவே பட்ட பாடு தகும் என்கிறாள் லிசா. அவள் பல்லாயிரம் டொலர் கொடுத்தால் தகும் என்கிறார் அந்தப் பெண்மணி. எனக்கு இருவர் சொன்னதும் சரியாகவே படுகிறது.