கண்டியில் எழுத்து, கொழும்பில் வழக்கு

கண்டி மாவட்டத்துத் தெல்தோட்டையிலிருந்து ஒருவர் தோட்டத்து வாழ்க்கையை எழுதி முகநூலில் இட்டால், விடிவதற்குள் அது இன்னொருவர் பெயரில் உலா வருகிறது, எழுத்துப்பிழைகூட மாறாமல்! 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதியவரின் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் அது நீடிக்கும். வேண்டுமென்றே மீறுபவருக்கு நீதவான் 5 இலட்சம் ரூபா வரை தண்டம் விதிக்கலாம். ஏட்டளவில் குறையில்லை. நட்டஈடு, தடையுத்தரவு என்று போனால்தான் தொல்லை: கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். ஒரு கட்டுரைக்காகக் கடுகண்ணாவ மலைப்பாதை இறங்கி, சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுத்து, தவணைக்குத் தவணை அலைபவர் யார்? திருடுபவருக்கும் இது நன்றாகத் தெரியும். மத்திய மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை வழங்க நீதி அமைச்சு முன்வர வேண்டும்.