டிஸ்க் தேய்மானமும் 'குப்பை' ஆர்.என்.ஏ.வும்

"டிஸ்க் தேஞ்சிடுச்சு" என்று டாக்டர் சொன்னால் பைக் டயர் மாதிரி தேய்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்துக் கொள்கிறார்கள். ஆனால் டிஸ்க் உயிருள்ள திசு. நடுவில் ஜெல்லி, சுற்றிலும் நார் வளையம். ஜெல்லியில் தண்ணீரைப் பிடித்து வைப்பது அக்ரிகன் என்ற புரதம். அதைக் கட்டும் வேலையும் வெட்டும் வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். வெட்டு அதிகமானால் ஜெல்லி வற்றும். (வரவை விடச் செலவு கூடினால் எந்தக் கம்பெனியும் அப்படித்தான்!)

இந்தக் கணக்கில் கை வைப்பவர்களில் புரதமே தயாரிக்காத ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கான பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியைக் குப்பை என்று ஒதுக்கிய காலமும் இருந்தது. 1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் ஒரு சின்னப் புழுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ. வேலை செய்யும் விதத்தைக் காட்டினார்கள். நோபல் வந்தது 2024-ல்!

மைக்ரோ ஆர்.என்.ஏ. தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைக்கும். மைக்ரோ ஆர்.என்.ஏ.-140 இல்லாத எலிகளுக்கு மூட்டுக் குருத்தெலும்பு சீக்கிரம் கெட்டுப்போனதை 2010-ல் பார்த்தார்கள். அக்ரிகனை வெட்டும் நொதி ஒன்றை அடக்கி வைப்பது அதன் வேலை. அந்த நொதி டிஸ்கிலும் உண்டு. வட்ட ஆர்.என்.ஏ.க்களோ பஞ்சு மாதிரி மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் இனிமேல்தான். "இது கூடியது, அது குறைந்தது" என்று ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. தேய்ந்த டிஸ்க் ஆபரேஷன் செய்துகொண்ட நடுத்தர வயதுக்காரரிடமிருந்து வரும். ஒப்பிட எடுக்கும் 'நல்ல' டிஸ்க் பல நேரம் முதுகு வளைவுக்கு ஆபரேஷன் செய்த இளவயதுக்காரருடையது. வித்தியாசம் நோயாலா, வயதாலா? இதைப் பிரிக்காமல் பட்டியல் போடுவதில் என்ன பயன்?

இன்னொன்று. 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, முதுகுவலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் தெரிகிறது. அப்படியானால் தேய்மானத்தோடு கூடிக் குறையும் ஆர்.என்.ஏ. எல்லாம் வலிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? வலி உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே வயதில் வைத்துப் பார்க்கும் ஆய்வுக்குத்தான் முதலில் பணம் போக வேண்டும்.

மருந்து? 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் குறுக்கிடும் ஆர்.என்.ஏ. மருந்தான பாட்டிசிரான் ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. பெரியவர்களின் டிஸ்க் நடுவிலோ ரத்தக்குழாயே கிடையாது. ஊசியால் உள்ளே செலுத்தலாம், ஆனால் எலியின் டிஸ்கை ஊசியால் குத்தித்தான் சோதனைக்காகத் தேய்மானத்தையே உண்டாக்குகிறார்கள்!