எவ்வளவு தூரம் தெரியும்?

பைனாகுலர் வாங்கப் போறேன்னு யாராவது சொன்னா போதும், நம்மாளுங்க கேக்குற முதல் கேள்வி இதுதான். யோவ், 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்குற நிலாவே வெறும் கண்ணுக்குத் தெரியுதேய்யா! அடுத்த கேள்வி, 'எத்தனை எக்ஸ்?' 8ஐவிட 30 பெருசு, அதனால அதுதான் ஒசத்தியாம். விக்கிறவங்க காட்டுல மழை.

இந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு. அக்கா பையன் ஏழாவது படிக்கிறப்போ, 30×50ன்னு அச்சடிச்சு, கண்ணாடி செக்கச்செவேல்னு பளபளக்குற ஒண்ணை வாங்கிக் கொடுத்தேன். வேடந்தாங்கல் ஏரிக்கரையில பத்து நிமிஷம் பார்த்தான். "எனக்குக் கை ரொம்ப ஆடுது மாமா, இதெல்லாம் எனக்கு வராது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டான். அதோட பறவை பாக்குறதையும் விட்டுட்டான்.

எவன் கையும் ஆடத்தான் செய்யும். 30 மடங்கு பெருசாக்குனா ஆட்டமும் 30 மடங்கு. ட்ரைபாட் இல்லாம ஆகாது. அடுத்தது வெளிச்சம். முன்கண்ணாடியோட விட்டத்தை மடங்கால வகுங்க. 50ஐ 30ஆல வகுத்தா கிட்டத்தட்ட 1.7 மி.மீ. கண்ணுக்கு வந்து சேர்ற ஒளிக்கற்றையோட அகலமே அவ்வளவுதான். விடியக்காலை மங்கல்ல நம்ம கண்பாவை அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல விரிஞ்சிருக்கும். படம் இருட்டடிக்காம என்ன செய்யும்? 42ஐ 8ஆல வகுத்துப் பாருங்க, 5.25. அந்தச் சிவப்புப் பூச்சு வேற, சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிட்டு ஊரையே பச்சையாக் காட்டும். மடங்கு ஏற ஏற பார்வைப் பரப்பும் சுருங்கும். பறக்குற பறவையைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள அது கரிக்கிலி போய்ச் சேர்ந்திருக்கும்.

"அப்போ 10×42 வச்சிருக்கிறவன் முட்டாளா?"ன்னு சண்டைக்கு வராதீங்க சாமி. கை நிதானமா இருந்தா, திறந்த ஏரிக்கு அது அருமையான சாமான். புதுசா ஆரம்பிக்கிறவன் தலையில 30ஐக் கட்டுறவங்களோடதான் என் சண்டை. (கண்ணாடி போட்ட மக்களே, 'ஐ ரிலீஃப்' 15 மி.மீ.க்குக் குறையாம இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுத்தான் தெரியும்.)

பையன் இப்ப காலேஜ். போன சீசன்ல வலுக்கட்டாயமா இழுத்துட்டுப் போய், என் 8×42ஐக் கழுத்துல மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "மாமா, அந்த நாரையோட அலகு மூடவே இல்ல, நடுவுல சந்து தெரியுது!"

நத்தைகுத்தி நாரைடா அது.

சாயங்காலம் கிளம்புறப்போ பைனாகுலரைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டேன்னுட்டான் :-)