பஸ் போகிறது என்பதால் கேரவன் போகலாமா?

"ரோடு சூப்பரா இருக்கு மாமா, பஸ்ஸே தினம் போகுது." இந்த வாதத்தை இந்த வருடம் மட்டும் மூன்று வீடுகளில் கேட்டுவிட்டேன். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு பிரான்சிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு புது ஆசை பிடித்திருக்கிறது. அங்கே காம்பிங்-கார் என்பார்கள். இங்கே சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் கேரவன். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அதை வாடகைக்கு எடுத்து, தாத்தா பாட்டியையும் ஏற்றிக்கொண்டு, சத்தியமங்கலம் போய், திம்பம் மலையேறி மைசூர் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புவதாம். கூடவே கூடாது என்பது என் கட்சி.

முதலில் அந்தப் பஸ் வாதம். பண்ணாரியம்மன் கோயிலைத் தாண்டினால் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் தினம் ஏறி இறங்குகிற ஓட்டுநருக்கு எந்த வளைவில் அகலம் எடுக்க வேண்டும், எங்கே ஹாரன் அடித்துவிட்டு நிற்க வேண்டும் என்பது கைக்கே தெரியும். பஸ் போகிறது என்றால் அந்த ஓட்டுநரால் போக முடிகிறது என்றுதான் பொருள். முந்தாநாள் விமானத்தில் வந்திறங்கி, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கிறதே என்று தடுமாறுகிற பையனுக்கு அது எப்படிச் சாட்சியாகும்?

அடுத்தது, "தார் நன்றாக இருக்கிறது" என்பது. தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயைப் பாருங்கள். நான்குவழிச் சாலை, வழுவழுவென்ற தார், ஒரு கொண்டை ஊசி வளைவுகூடக் கிடையாது. ஆனாலும் அந்த இறக்கத்தில் எத்தனை விபத்துகள் என்பது பேப்பர் படிப்பவர்களுக்குத் தெரியும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவது, பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வருவது, கடைசியில் அது சூடேறிப் பிடிக்காமல் போவது. நல்ல ரோடு என்பதே அங்கே ஆளை ஏமாற்றுகிறது. மலைப்பாதையை ஏற்றத்தில் எடை போடக்கூடாது. ஏற்றத்தில் வண்டி திணறும், நின்றும் போகும், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது இறக்கம்.

பிரான்சில் மலை இறக்கங்களில் 'ஃப்ரேன் மோத்தேர்' பயன்படுத்து என்று பலகையே வைத்திருப்பார்கள். இன்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்துவது. நம் பழைய லாரிக்காரர்கள் பலகை இல்லாமலே சொன்னார்கள்: ஏறின கியரிலேயே இறங்கு. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு கியர் என்பதே மறந்துவிட்டது.

கேரவனின் உடம்பையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வேன் சேஸிஸின் மேல் வீடு கட்டியதுதான் அது. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே 100 கிலோ. அதன் மேல் அடுப்பு, ஏசி, ஃபிரிட்ஜ், பிரான்சிலிருந்து வந்த பெட்டிகள். உயரம் அதிகம், பாரமும் மேலே. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால், வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கமாக வீசும். எதிரே சரக்கு லாரி ஏறி வருகிறது. ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும் என்பது விதி. வழிவிடப் பின்னால் எடுக்கத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். அந்தப் பாதையில் ஒரு லாரி வளைவில் சிக்கிக்கொண்டால் மணிக்கணக்கில் இருபுறமும் வரிசை நிற்கும்.

உள்ளே உட்காரப்போவது யார்? நாம்தான். "கழிப்பறை உள்ளேயே இருக்கு தாத்தா, எங்கயும் நிறுத்த வேண்டாம்" என்று சொல்லித்தான் நம்மை மயக்குகிறார்கள். நம் வயதில் அந்த வார்த்தைக்கு எவ்வளவு சக்தி என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது! ஆனால் பன்னிரண்டாவது வளைவில் எழுந்து நடந்து பாருங்கள். பக்கவாட்டில் போட்டிருக்கும் சோபாவில் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பெலும்பு ஒருமுறை முறிந்தால் எழுபத்தைந்து வயதில் என்ன ஆகும் என்று நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் இனிதான். பிடித்த இடத்தில் நிறுத்தி, சமைத்து, தூங்குவதற்காகத்தானே கேரவன்? திம்பம் சாலை 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே போகிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை; 2022-இல் உயர்நீதிமன்றமே கண்டிப்பாகச் சொன்னது. பகலிலும் காட்டுக்குள் நிறுத்தக்கூடாது. ஆசனூர் பக்கம் காரப்பள்ளம் சோதனைச் சாவடி அருகே கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் நிற்பது வழக்கம். அங்கே போய் அடுப்பு மூட்டி சாம்பார் தாளிக்கப் போகிறார்களா? முதுமலை வழியாகப் போகிறோம் என்பார்கள். பந்திப்பூரிலும் அதே 9 முதல் 6 வரை தடை, 2009-லிருந்து. நிறுத்த முடியாத ரோட்டில் வீட்டைத் தூக்கிக்கொண்டு போவானேன்?

"நான் ஆல்ப்ஸிலேயே ஓட்டியிருக்கேன்" என்பான் தங்கை மகன். ஓட்டியிருக்கலாம். அங்கே சரிவு எத்தனை சதவீதம் என்று பலகை சொல்லும். ஊருக்கு ஊர் காம்பிங்-கார் நிறுத்த இடம், தண்ணீர் பிடிக்கக் குழாய், கழிவைக் கொட்டத் தனி இடம். 2021 நவம்பரிலிருந்து குளிர்காலத்தில் மலைப்பகுதிகளில் தனி டயரோ சங்கிலியோ கட்டாயம். அந்த ஏற்பாட்டையெல்லாம் விட்டுவிட்டு வண்டியை மட்டும் இங்கே கொண்டுவர நினைக்கிறான். முப்பது வருடம் பயணப்படி பில் சரிபார்த்தவன் நான். பில்லுக்குக் கிலோமீட்டர் மட்டும்தான் தெரியும், மேடு பள்ளம் தெரியாது. கூகுள் மேப்பை நம்புகிற இவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

திம்பம் பார்க்க வேண்டுமா, மலைப்பாதை பழகிய உள்ளூர் டிரைவரோடு ஒரு சாதாரண கார் எடுத்து விடிந்தபின் ஏறுங்கள், வெளிச்சத்திலேயே மைசூர் சேருங்கள். கேரவன்தான் வேண்டுமென்றால் சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், வேளாங்கண்ணி என்று கடற்கரையோரம் போகலாம். ஒரு வளைவும் இல்லை, இறக்கமும் இல்லை. காரைக்காலில் நிறுத்த என் மைத்துனர் தோட்டம் இருக்கிறது. வாசலில் மாமரக்கிளை தாழ்ந்திருக்கிறது, வண்டியின் உயரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.