டிபன் பாக்ஸில் கொடைக்கானல்

எனக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சம்பந்தம், வீட்டில் பல்ப் மாட்டும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொள்வதோடு சரி. படித்தது பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னை வத்தலக்குண்டு மாமா ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நீ பத்திரிகைக்கெல்லாம் எழுதறவன். ஒரு ஆள் பொய் சொல்றானா இல்லையான்னு மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவேல்ல?"

மாமாவிடம் இரண்டு மினி லாரிகள். பூம்பாறையில் மலைப்பூண்டு ஏற்றி, கொடைக்கானல் வழியாக மலை இறங்கி, வடுகபட்டி பூண்டுச் சந்தையில் இறக்கும் தொழில். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மாமாவுக்கு ஒவ்வொரு மூட்டையும் பட்டுப்புடவை மாதிரி. எந்த வளைவில் வண்டி நிற்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தே பார்க்க, ஒரு டிராக்கர் பெட்டியை வாங்கி மாட்டினார். மலிவான பெட்டி.

பிரச்னை அங்கேதான். வண்டி பெருமாள்மலையைத் தாண்டி டம்டம் பாறையை நெருங்குவதற்குள் மேப்பிலிருந்து காணாமல் போய்விடும். இருபது நிமிஷம் கழித்து அடிவாரத்தில் முளைக்கும். கூடவே மாமாவின் செல்லுக்கு ஒரு மெசேஜ்: 'மெயின் பவர் துண்டிக்கப்பட்டது.'

"வயரைப் பிடுங்கிட்டு மூட்டையை இறக்கறான்" என்றார் மாமா. பதினைந்து வருஷ டிரைவர். சம்பளத்தில் இரண்டாயிரம் பிடித்தாகிவிட்டது. அடுத்த மாதம் சீட்டைக் கிழிப்பதாக ஏற்பாடு.

"குழந்தை வேலப்பர் மேல சத்தியமா நான் வயரைத் தொட்டதே இல்ல தம்பி" என்றார் டிரைவர். வத்தலக்குண்டு மெக்கானிக் மூன்று தடவை பெட்டியைச் சோதித்து, "கல்லு மாதிரி வேலை செய்யுது" என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்திருந்தார். சத்தியத்துக்கும் சர்ட்டிஃபிகேட்டுக்கும் நடுவில் நான். உண்மையைச் சொல்கிறேன், மனசுக்குள் நானும் மாமா கட்சிதான்.

மறுநாள் பூம்பாறையிலிருந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். பார்வை ரோட்டில் இல்லை. அவர் கை மேலேயும், டாஷ்போர்டுக்கு அடியில் மினுக்கிய பச்சை விளக்கு மேலேயும்தான். பெருமாள்மலை தாண்டியதும் என் செல்லில் சிக்னல் ஒற்றைக் கோடாகத் தேய்ந்தது. லாரி ஸ்பீக்கரில் ராஜா பாட்டுக்கு நடுவே 'டிட்டிட்-டிட்டிட்' என்று ஒரு சத்தம். பழைய செல்போனை ரேடியோ பக்கத்தில் வைத்தால் வருமே, அதே சத்தம். சத்தம் கூடிய அடுத்த கணம் பச்சை விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

டிரைவரின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். கொண்டை ஊசி வளைவில் வேறெங்கே இருக்கும்?

பெட்டியைக் கழற்றிக்கொண்டு கோயமுத்தூர் போனேன். அங்கே என் நண்பன் ஒருவன் இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு பவர் சப்ளை டிசைன் செய்கிறான். மூடியைத் திறந்தவன், மூன்று நாள் ஆன சாம்பாரைத் திறந்த மாதிரி முகத்தைச் சுளித்தான்.

"லாரி பேட்டரி பன்னெண்டு வோல்ட்னு நினைச்சிட்டிருக்கியா? அது பேருக்குத்தான்டா" என்று ஆரம்பித்தான். இன்ஜின் ஓடும்போது பதினாலைத் தொடும். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஏழுக்குக்கூட இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனை லூஸாகிக் கழன்றால், கண் சிமிட்டும் நேரத்துக்கு நூறு வோல்ட் வரைக்கும் எகிறும். இத்தனை கூத்தையும் வாசலிலேயே தடுத்து நிறுத்தி, உள்ளே இருக்கும் மோடத்துக்குச் சுமார் நாலு வோல்ட்டை ஆடாமல் அசையாமல் கொடுக்க வேண்டும். அதுதான் பவர் சப்ளையின் உத்தியோகம்.

"அதெல்லாம் சரி. மலையில மட்டும் ஏன் சாகுது?"

"டவர் பக்கத்துல இருந்தா மோடம் ரகசியம் பேசற மாதிரி மெதுவாப் பேசும். தூரத்துல இருந்தா தொண்டை கிழியக் கத்தும்."

2ஜி மோடம் முழு சக்தியில் கத்தும்போது இரண்டு ஆம்பியர் வரை கேட்குமாம். அதுவும் சீராக அல்ல. ஒவ்வொரு கத்தலும் ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செகண்டுக்கு 217 தடவை. நாம் ஸ்பீக்கரில் கேட்ட டிட்டிட் அதுதான்.

நம் வீட்டு அம்மாக்கள் அஞ்சறைப்பெட்டியில் கொஞ்சம் பணம் ஒளித்து வைத்திருப்பார்கள். திடீரென்று விருந்தாளி வந்தால் அப்பாவின் சம்பளத் தேதிக்குக் காத்திருக்க முடியாது. டப்பாவிலிருந்து எடுத்து பால் வாங்கிச் சமாளித்துவிட்டு, பிறகு நிரப்பி வைப்பார்கள். சர்க்யூட்டில் அந்த அஞ்சறைப்பெட்டிக்குப் பெயர் கெபாசிட்டர். மோடத்தின் காலடியிலேயே, ஆயிரம் மைக்ரோஃபாரட் அளவில் ஒன்று இருந்திருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் அதற்கான இடம் இருந்தது. ஆள் இல்லை. செலவைக் குறைத்திருக்கிறார்கள்.

இன்னொரு தாங்கல், உள்ளே இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரி. அது அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. இந்த வகை பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வடுகபட்டி வெயிலில் நிறுத்திய கேபின் ஐம்பதைத் தாண்டும். வெப்பம் பார்த்து சார்ஜை நிறுத்தும் ஏற்பாடும் இல்லை. ஆக, சேமிப்பும் காலி, சில்லறையும் இல்லை. மோடம் கத்தினால் வோல்ட் சரியும், பெட்டி மயங்கி விழும். எழுந்து சாட்டிலைட்டையும் டவரையும் முதலிலிருந்து தேடும். மறுபடி கத்தும், மறுபடி விழும்.

"சரி, வயரைப் பிடுங்கிட்டாங்கன்னு மெசேஜ் அனுப்புதே?"

"திடீர்னு அணைஞ்சு எழுந்தா, அதுக்குத் தெரிஞ்ச ஒரே காரணம் வயர் பிடுங்கினதுதான். வேற காரணத்தை யாரும் எழுதி வைக்கலே."

நிரூபிக்கச் சொன்னேன். என் எவர்சில்வர் டிபன் பாக்ஸைப் பிடுங்கி, தயிர்சாதத்தைக் காலி செய்து (அவன்தான் செய்தான்), கழுவி, பெட்டியை உள்ளே வைத்து மூடியைத் துளி இடைவெளி விட்டு மூடினான். சிக்னல் தேய்ந்தது. அரை நிமிஷத்தில் விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. கோயமுத்தூர் மேஜை மேல் கொடைக்கானல் மலை! வத்தலக்குண்டு மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஊருக்குள் டவர் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கெபாசிட்டரையும் புது பேட்டரியையும் வைத்தான். டிபன் பாக்ஸுக்குள் ராத்திரி முழுக்க விளக்கு அசையவில்லை.

இதைச் சிரித்துவிட்டுப் போய்விட முடியவில்லை. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், டாக்ஸி போன்ற பயணிகள் வாகனங்களுக்கு டிராக்கரும் அவசர பட்டனும் கட்டாயம். மெயின் பவர் போனாலும் உள் பேட்டரியில் நாலு மணி நேரம் தாங்க வேண்டும் என்று ஏ.ஐ.எஸ்.140 விதி சொல்கிறது. சரக்கு ஏற்றும் மாமா லாரிக்கு இந்தக் கட்டாயம் இல்லாததால் மலிவு பெட்டி தப்பித்தது. ஆனால் ராத்திரி மலைப்பாதையில் ஒரு பெண் அந்த பட்டனை அழுத்தும்போது பெட்டி மயங்கிக் கிடந்தால்? மிச்சம் பிடித்த சில்லறைக்கு யார் கணக்கு எழுதுவது?

வத்தலக்குண்டு திரும்பி, மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு கேட்கிற ரகம் இல்லை அவர். இரண்டாயிரத்தை நாலாக மடித்து டிரைவர் சட்டைப் பையில் திணித்து, "டீ சாப்பிட்டுப் போ" என்றார்.

டிரைவர் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். கையில் ஒரு பை மலைப்பூண்டு.

"ரொம்ப நன்றி தம்பி. பெட்டி ஏன் அப்படிச் செய்யுதுன்னு கேக்க கோயமுத்தூர் வரைக்கும் போனீங்க. என்னைத்தான் ஒருத்தரும் எதுவும் கேக்கலே."

பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நல்லவேளை.